ஊற்றும் முன் எடுத்த நீர்

ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்தின் இந்தப் பகுதியில் பண்ணை வீட்டுக்குப் போனால், முதலில் ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் தருகிறார்கள். மாட்டுப் பண்ணைக்காரர் டக் நீட்டிய குவளையை வாங்கி, குடிக்கும் முன் முகர்ந்து பார்த்தேன். அவர் முகம் சுருங்கியது. "என் தண்ணீரில் என்ன குறை கண்டாய்?" என்றார். குறையில்லை, ஆலைகளுக்கு நடுவே வாழும் எங்கள் எண்ணூர்க்காரர்களின் பழக்கம் என்றேன். அவர் நம்பவில்லை. அவருடைய நிலத்துக்கடியில் உள்ள நிலக்கரிப் படுகையில் ரசாயனம் செலுத்தவிருக்கும் நிறுவனத்தின் பொறியாளர் நான். நானே முகர்ந்தால் அவர் அஞ்சாமல் என்ன செய்வார்?

நிலக்கரியில் மயிரிழை போன்ற விரிசல்கள் உண்டு. எரிவாயு அவற்றின் வழியேதான் வெளிவர வேண்டும். விரிசல் குறுகிய இடத்தில் துணி வெளுக்கும் பிளீச்சிங் கரைசலை நீர்க்கச் செய்து செலுத்தினால், அது கரியைச் சற்றே அரித்து வழியை அகலமாக்கும். எண்ணூரை ஒட்டிய காத்திவாக்கத்தில் இறால் பிடிக்கும் என் அண்ணன் இதைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னாமே, அவ்ளோ படிச்சிட்டு அங்க போயி கரிய வெளுத்துகினு கீறியா?" பிறகு குரல் தணிந்தது. "அந்தாளு கெணறு இன்னாமே ஆவும்?"

எங்கள் உப்பங்கழியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து இறால் குறைந்தபோது, அவனோடு புகார் மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான். "முன்பு நீர் எப்படி இருந்தது என்பதற்குச் சான்று உண்டா?" என்று கேட்டார் ஓர் அதிகாரி. எங்களிடம் இல்லை. நல்ல நீரை யார் அளந்து வைக்கிறார்கள்?

எங்கள் நிறுவனத்தின் திட்டத்திலும் டக்கின் கிணற்றைச் சோதிப்பது ரசாயனம் செலுத்திய பிறகே என்றிருந்தது. முன்பும் சோதிக்காமல் கையொப்பமிட மாட்டேன் என்றேன். என் விசா அந்த நிறுவனத்தின் கையில் இருந்தது. மூன்றாம் நாள் மேலாளர் ஒப்புக்கொண்டார். டக்கின் கண்ணெதிரே புட்டிகளை நிரப்பி, ஒரு தொகுதியை அவரிடமே கொடுத்தேன். "இதை முகரவில்லையா, மேட்?" என்று தோழமையாய் அழைத்து, முதன்முறையாகச் சிரித்தார்.

ரசாயனம் செலுத்திய பின் எரிவாயு வரத்து கூடியது. டக்கின் நீரில் இதுவரை மாற்றமில்லை. அறிக்கையிலிருந்து 'இதுவரை' என்ற சொல்லை எடுக்க நான் சம்மதிக்கவில்லை. மாடுகள் அந்த நீரைத்தான் நாளையும் குடிக்கும்.

உப்பங்கழிக் கரையில் புதிதாக ஓர் ஆலை வரப்போவதாக ஊரில் பேச்சு. "வர்றதுக்கு மின்னாடியே தண்ணிய புட்ச்சி வச்சிக்கலாம்மே" என்று அண்ணன் என்னிடம் முறையைக் கேட்டு எழுதிக்கொண்டான். நேற்று ஒரு படம் அனுப்பினான். இறால் வலையருகே வரிசையாகப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் தேதி, இடம். நீர் எடுத்தவர் என்ற இடத்தில் அவன் பெயர். அதனடியில், நான் கால் வைக்காமல் நான்காண்டுகளாகிவிட்ட அந்தக் கழியின் நீர்ப் புட்டிகளில், என் பெயரும்.