டாக்டருமில்லை, நர்ஸுமில்லை

"நீ டாக்டரா?"

"இல்லம்மா."

"நர்ஸா?"

"அதுவும் இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு எங்கள பேஜாரு பண்றே? டாக்டரு வரட்டும். அவரு சொன்னா இட்டுகினு போறோம்."

எழுபதுகளின் நடுவில், ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சுகாதார நிலையத்தில், காலை ஓபி நேரத்தில் நடந்த பேச்சு இது. கேட்டவர் நிலபுலன் உள்ள குடும்பத்து அம்மாள். பதில் சொன்னவள் எங்கள் மாணவி வரதம்மாள். நான் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த டியூட்டர் சிஸ்டர். பயிற்சி எப்படி நடக்கிறது என்று பார்க்க அன்று போயிருந்தேன்.

அந்தப் பயிற்சி வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டிப் பக்கத்துச் சுகாதார நிலையங்களுக்குப் போஸ்டிங் ஆகிற இளம் டாக்டர்கள் நிலைக்கவில்லை. வருவார்கள், மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் இதற்கு ஒரு வழி யோசித்தார். "டாக்டர் இல்லாத நேரத்துல நோயாளியைச் சோதிச்சு, இது இங்க ஆகும், இது இங்க ஆகாதுன்னு சொல்லத் தெரிஞ்ச ஒரு ஆள் போதும் சிஸ்டர், பாதி உயிர் பிழைக்கும்" என்பார். ஹிஸ்டரி எடுப்பது, பிபி பார்ப்பது, தையல் போடுவது, சலைன் ஏற்றுவது, காலத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் செய்வது. பாடம் இவ்வளவுதான். ஆளுக்குப் பெயர் மருத்துவ உதவியாளர்.

அன்று டாக்டர் மீட்டிங்குக்காக ஜீப்பில் பட்டணம் போயிருந்தார். மாட்டுவண்டியில் வந்து இறங்கிய பெண்ணுக்கு எட்டாம் மாதம். முகமும் காலும் வீங்கியிருந்தன. தலைவலி, கண் மங்கல். வரதம்மாள் பிபி பார்த்தாள். நம்பாமல் மறுபடியும் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் பார்த்தது சரிதான், பிபி எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

"இவங்களுக்கு எப்ப வேணா ஜன்னி கண்டு வலிப்பு வரும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள். அதற்குத்தான் அந்த மாமியார் அப்படிக் கேட்டார்.

நானும் சொல்லிப் பார்த்தேன். "நீங்க இன்னிக்கி வந்துட்டு நாளைக்கிப் பூடுவீங்க. எங்க ஊட்டுப் பொண்ணுக்கு நாங்கதான் பதில் சொல்லணும்" என்றார் அந்த அம்மாள். புருஷன்காரன் அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். டாக்டர் எழுதாமல் வலிப்பைத் தடுக்கும் ஊசி போட எனக்கோ வரதம்மாளுக்கோ அனுமதி கிடையாது. வெளிச்சம் பட்டால் வலிப்பு வரலாம் என்று அவள் பெண்ணை இருட்டான அறையில் படுக்கவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே வந்து வந்து கெஞ்சினாள்.

மத்தியானம் வலிப்பு வந்தது. அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு தொழிற்சாலை லாரியைக் கைகாட்டி நிறுத்தி, வைக்கோல் பரப்பி ஏற்றினோம். வரதம்மாள் அந்தப் பெண்ணை ஒருக்களித்துப் பிடித்தபடியே வந்தாள். இரண்டாவது வலிப்பு வழியில். பட்டணம் போய்ச் சேருமுன் தாயும் போனாள், வயிற்றுப் பிள்ளையும் போயிற்று. மாமியார் வரதம்மாளின் தோளிலேயே சாய்ந்து அழுதார்.

வரதம்மாள் பரீட்சையில் தேறினாள். ஆனால் வேலைக்கு எழுதிக் கேட்டபோது, அப்படி ஒரு பதவியே சர்க்கார் கணக்கில் இல்லை என்று பதில் வந்தது. அடுத்த பேட்ச் சேர்க்கவில்லை. அவள் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் விரலுக்குக் கட்டுப் போடும் வேலைக்குப் போனாள். ஒருமுறை பார்க்கப் போனேன். "நல்லாத்தான் இருக்கேன் சிஸ்டர்" என்றாள்.

இப்போது இந்த மாதிரிப் பயிற்சி நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆளைத் தயார் செய்து அனுப்பினால் மட்டும் போதாது. முதல் நாள் டாக்டரே கூட நடந்து, வீடு வீடாக நிறுத்தி, "நான் இல்லாதப்ப இவங்க சொல்றதுதான் என் பேச்சு" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். எங்கள் பாடத்திட்டத்தில் அது இல்லை.