பையில் எழுதிய பேர்

என் புருஷன் பேரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் மகள் சொல்வாள்; அவள் கூட வராத நாளில் கார்டை நீட்டிவிட்டுச் சும்மா நிற்பேன். "பேர் சொன்னா நான் என்ன கரைஞ்சா பூடுவேன்?" என்று அவரே கிண்டல் செய்வார். எங்கள் அம்மா சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவர் அடிபட்ட அன்று போலீஸ்காரர் கேட்டபோதுகூடக் காகிதம் வாங்கி எழுதித்தான் கொடுத்தேன்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற பைபாஸில் இருக்கிறது எங்கள் கூட்டுரோடு. வானூர் பக்கம் கட்டட வேலைக்குப் போக, விடியற்காலையில் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் பஸ் பிடிப்பார். அன்றைக்கும் பழைய சோறும், வேர்க்கடலை வறுத்து அரைத்த மல்லாட்டைத் துவையலும் மஞ்சப்பையில் வைத்துக் கொடுத்தேன். பஸ் வந்துவிட்டதென்று ஓடியிருக்கிறார். இடித்த கார்க்காரன் நிற்கவே இல்லை. அந்த இடத்தில் அவருக்கு முன்னாலும் ஆட்கள் செத்திருக்கிறார்கள், பின்னாலும் செத்திருக்கிறார்கள்.

வருஷத் திதி முடிந்து கொஞ்ச நாளில் அந்தப் படம் வந்தது. ரோட்டோரம் மூடிக்கிடக்கும் ரைஸ்மில்லின் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு மனிதன். முதுகுதான் தெரியும், முகம் கிடையாது. கைலி, தோளில் துண்டு, கையில் மஞ்சப்பை. எதிரே வரைந்திருந்த ரோட்டில் கால் வைக்கப் போகிறவர்போல நின்றார். கீழே "இன்னும் கடக்கிறேன்" என்று கறுப்பில் எழுதியிருந்தது. விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடைக்குப் போக நின்றவள், வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன். அது அவர்தான். இடது தோள் அப்படி இறங்கினாற்போல அவருக்குத்தான் இருக்கும்.

வரைந்தது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. திண்டிவனத்தில் ஒரு காய்ந்த ஏரியின் மதகில் பூட்டுப் போட்ட படகை அதே ஆள்தான் வரைந்தான் என்றார்கள். கட்சிக்காரர்கள் விளம்பரத்துக்கு ரிசர்வ் செய்து வைத்திருந்த சுவரில், காலித் தட்டோடு சனங்களை வரிசையாக நிற்க வைத்ததும் அவன்தானாம். கட்சிக்காரர்கள் அவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சனங்கள் சுவர்க்காரன் என்று பேர் வைத்துவிட்டார்கள். புதுச்சேரிப் பக்கமிருந்து வெள்ளைக்காரர்கள்கூட ஸ்கூட்டரில் வந்து போட்டோ எடுத்தார்கள்.

மஞ்சப்பை என்றால் எங்கள் பக்கம் கல்யாணத்தில் கொடுக்கிற தாம்பூலப் பைதான். அதில் மாப்பிள்ளை, பெண் பேர் அச்சடித்திருக்கும். இந்தப் பையில் ஒன்றுமில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் அடுப்புக்கரி எடுத்துப்போய் அவர் பேரை அதில் எழுதினேன்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கீழே இன்னொரு பேர். எனக்கு வந்ததே கோபம். பெருமுக்கலிலிருந்து வந்த அம்மா ஒருத்தி சுவரடியில் உட்கார்ந்திருந்தாள், கையெல்லாம் கரி.

"இது எங்க வூட்டுக்காரருங்க" என்றேன்.

"எம் புள்ளம்மா இது. துண்டப் பாரு, இப்டிதான் போட்டுக்கினு போவான்."

நான் அந்தத் துண்டை மறுபடி பார்த்தேன். "இருக்கட்டும்மா, ரெண்டு பேரும் ஒண்ணா போவட்டும்" என்றாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

அப்புறம் சர்ச்சுக்குப் போகிற பெரியவர் ஒருவர் மெழுகுவத்தி ஏற்றிவைத்து மருமகன் பேரை எழுதினார். இன்னும் யார் யாரோ எழுதினார்கள். பையில் இடமில்லாமல் போனது. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் பை பெரிதாகியிருந்தது. சுவர்க்காரன் வந்து, எங்கள் எழுத்து ஒன்றையும் அழிக்காமல், மஞ்சளைக் கீழே இழுத்து இடம் விட்டிருந்தான். நான் பார்த்தே இராத அந்த ஆளுக்கு ரோட்டில் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அந்தப் பெரிய பைதான் அவனைப் பெரிய ஆளாக்கியது. டிவிக்காரர்கள் வந்தார்கள், சென்னையிலிருந்து காரில் வந்தார்கள். மில் ஓனர், "பேஜாரா பூச்சுபா, எந்நேரமும் கும்பல்" என்று சுவரை சிமென்ட் விளம்பரத்துக்கு விட்டுவிட்டார். நான் வேலைக்குப் போகும்போது வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். தலை போய்விட்டது, பை இருந்தது. சாயங்காலம் திரும்பியபோது அதுவும் இல்லை. அவரை இரண்டாவது தடவை தூக்கிக்கொண்டு போனதுபோல இருந்தது. வீட்டில் அன்று உலை வைக்கவில்லை.

போன மாதம் கடைக்கு வந்த பண்டல் ஒன்றைப் பிரித்தேன். எல்லாம் டி-ஷர்ட். ஒவ்வொன்றின் முதுகிலும் அவர். சுவர்ப் படத்தை யாரோ அச்சுப் போட்டு விற்கிறார்கள். பை மட்டும் வெறும் மஞ்சளாக இருந்தது. எங்கள் பேரையெல்லாம் துடைத்துவிட்டார்கள். படம் மேலே வருகிற மாதிரி மடிக்கணும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போனார். மடித்தேன். வேலை ஆச்சே.

காலேஜ் படிக்கிற பையன் ஒருவன் அதில் ஒன்றை எடுத்துப் பிரித்தான். "அக்கா, இது யாரு படம்னு தெரியுமா?"

நான் அவர் பேரைச் சொன்னேன், இனிஷியலோடு. கழுத்தை நீட்டின நாளிலிருந்து சொல்லாத பேர்.

பையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சுவர்க்காரன் பேர் இதுவாக்கா? யாருக்குமே தெரியாதே இது" என்றான். படி இறங்கும்போதே யாருக்கோ போன் போட்டுச் சொல்லிக்கொண்டு போனான்.

இல்லை என்று நான் கூப்பிட்டுச் சொல்லவில்லை. இப்போது விழுப்புரத்தில் சுவர்க்காரன் என்று யாரும் சொல்வதில்லை, அவர் பேரைத்தான் சொல்கிறார்கள். நேற்று பஸ்ஸில் மகளும் கூட வந்தாள். பின்சீட்டில் இரண்டு பேர் அந்தப் பேரைச் சொல்லிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"அப்பாவுக்கு வரையவே தெரியாதேம்மா" என்றாள் மகள் மெதுவாக.

"தெரியாதுதான்" என்றேன். "சும்மா இரு, சொல்லட்டும்."