ஆண்ட்ரூஸின் தொண்டைக் கதவு

ஆண்ட்ரூஸ் கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் முப்பத்தோரு வருடம் ஃபிட்டராக இருந்தார். அவர் கழற்றி மாட்டாத மிஷின் அந்த ஆலையில் இல்லை என்பார்கள். ஓய்வு பெற்று, நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள சொந்த ஊருக்கு வந்த பிறகு அவருக்கு இரண்டே வேலைகள். ஒன்று, மூன்று ஏக்கர் மானாவாரியில் கம்பும் உளுந்தும் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பது. இன்னொன்று, கடவுள் இருக்கிறார் என்று நிரூபிப்பது.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் வருடத்துக்கு ஒருமுறை அசனம் நடக்கும். சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் ஆக்கி, ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும் வரலாம், எந்தச் சாமியையும் கும்பிடாதவரும் வரலாம். ஜெபம் முடிந்ததும் ஆண்ட்ரூஸ் ஒரு கவளம் சோற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார். வருடாவருடம் அதே பேச்சு.

"தொண்டைக்குள்ள சோத்துக்கு ஒரு குழா, காத்துக்கு ஒரு குழா. நடுவுல ஒரு கதவு. முழுங்குனா மூடுது, மூச்சு விட்டா தொறக்குது. பெறந்ததுல இருந்து இந்த நிமிசம் வரைக்கும் ரிப்பேர் இல்ல. நான் முப்பத்தோரு வருசம் மிஷின் பாத்தவன். தானா முளைச்ச மிஷின் ஒண்ணக் காட்டுங்க, நான் உக்காந்துருதேன். கதவுன்னு ஒண்ணு இருந்தா தச்சன்னு ஒருத்தன் இருக்கணும்."

பிறகு கவளத்தை வாயில் போட்டு, எல்லோரும் பார்க்க விழுங்குவார். சபையார் அல்லேலூயா என்பார்கள். அதன் பிறகுதான் குழம்பு வரும்.

பந்தியின் கடைசியில் கொம்பையா உட்கார்ந்திருப்பார். ஆண்ட்ரூஸோடு ஒன்றாகப் படித்தவர், பக்கத்துக் காட்டுக்காரர், கருப்புச் சட்டை போடுகிறவர். "கறி ஆறுது வே. கதவத் தொறந்து உள்ள தள்ளும்" என்பார் அங்கிருந்தே.

ஒரு வருடம் கொஞ்சம் நிதானமாகவே கேட்டார். "நல்ல தச்சன்னா சோத்துக்கும் காத்துக்கும் தனித்தனி வாசல் வச்சிருக்க மாட்டானா? ஒரே வாசல்ல ரெண்டையும் விட்டுட்டு உள்ளுக்குள்ள ஒரு கதவு! உம்ம மில்லுல இப்பிடி ஒரு மிஷின் செஞ்சா மொதலாளி சீட்டக் கிழிச்சிருக்க மாட்டான்?"

"மூக்கு எதுக்குலே இருக்கு?"

"மூக்கும் உள்ள போயி அதே சந்துலதான வே சேருது?"

இந்த விஷயத்தில் கொம்பையா சொன்னதுதான் சரி. நான் தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டு, ஐம்பது வயதில் நோயாளிகளைப் பராமரிக்கும் பயிற்சிக்குப் போனபோது, சுவரில் தொங்கிய தொண்டைப் படத்தைக் காட்டி எங்களுக்கு முதலில் சொன்னதே அதுதான். சோறும் காற்றும் ஒரு இடத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. அந்தக் கதவு ஒரு கணம் பிந்தினால் போதும். நான் இருபது வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். கதவு பிந்திச் செத்தவர்கள் ஏழு பேரைத் தெரியும். ஆண்ட்ரூஸ் எட்டாவது.

போன வருடம் மாசி மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் போயின. பேச்சு குழறியது. தொண்டையும் மந்தமாகிவிட்டது. மூக்கில் குழாயோடு ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். அவருடைய மனைவி பொன்மணி என்னைக் கூப்பிட்டுக்கொண்டாள்.

நான் போன அன்றைக்கே கொம்பையா வந்தார். கட்டிலைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, "என்ன வே, கதவு பிடிச்சிக்கிட்டா? தச்சனுக்குப் போன் போடும்" என்றார். பொன்மணி விளக்குமாற்றைத் தேடினாள். ஆண்ட்ரூஸ் சிரித்தார். சிரிப்போடு எச்சில் இடது ஓரமாக வழிந்தது. அப்படியே அழ ஆரம்பித்தார். துடைத்துவிட்டேன். இந்த நோயில் சிரிப்பும் அழுகையும் பிடியில் நிற்காது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பொன்மணியிடம் சொன்னேன். அவள் கேட்கவில்லை. அவளும் அழுதாள்.

கொம்பையா போன பிறகு ஆண்ட்ரூஸ் என் சேலையைப் பிடித்து இழுத்தார். "அசனத்துக்கு எத்தன நாளு?"

"மூணு மாசம் இருக்கு."

"ஒரே ஒரு கவளம். எல்லாரு முன்னாலயும் நான் முழுங்கணும்."

"இல்லாட்டி?"

"அவன் சொன்னது சரின்னு ஆயிரும்லா."

"முழுங்குனா உங்க தொண்ட சரியாயிட்டுன்னு ஆகும். வேற ஒண்ணும் ஆகாது" என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று மாதம் அந்த ஒரு கவளத்துக்காகத்தான் வேலை நடந்தது. ஐந்தாவது வாரம் டாக்டர் பார்த்துவிட்டுக் குழாயை எடுத்தார். அதற்குப் பிறகு கெட்டியான கம்பங்கூழ், தேக்கரண்டியில் பாதி. முதுகு நேராக இருக்க வேண்டும். தலை குனிந்து நாடி நெஞ்சில் பட வேண்டும். ஒரு வாய்க்கு இரண்டு தரம் விழுங்க வேண்டும். பிறகு "ஆ" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் கரகரவென்று ஈரமாக வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்தம். கெட்டியானது மெதுவாக இறங்கும், கதவு மூட நேரம் கிடைக்கும். தண்ணீர் அப்படியில்லை, முந்திக்கொண்டு ஓடிவிடும். இப்படிப்பட்டவர்களுக்கு எல்லாவற்றையும்விட ஆபத்தானது தண்ணீர்தான்.

இதை யாருக்கும் புரியவைக்க முடியாது. ஒரு நாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் பொன்மணி கூழில் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் கொடுத்துவிட்டாள். லேசாக இருந்தால் சுலபமாக இறங்கும் என்று நினைத்திருக்கிறாள். அன்றிரவு காய்ச்சல் வந்தது. தப்பித்தார். தண்ணீர்ப் பானையைத் தூக்கி அடுப்பங்கரையில் வைத்துப் பூட்டினேன். சித்திரை வெயில். ஆண்ட்ரூஸ் தண்ணீர், தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கஞ்சித்தண்ணீரைக் கெட்டியாக்கிக் கரண்டியில் கொடுப்பேன். துப்புவார்.

"சாகப்போற மனுசனுக்குக்கூடப் பால் ஊத்துதாங்க. நீங்க தண்ணி குடுக்க மாட்டங்கீங்க. கல்லு மனசு உங்களுக்கு" என்றாள் பொன்மணி.

"பால் ஊத்துத நாளு வரக்கூடாதுன்னுதான் தண்ணி குடுக்கல" என்றேன்.

கொம்பையா தினமும் வந்தார். கேலி செய்யத்தான் வருவார். ஆனால் சாப்பிடும் நேரம் பார்த்து வருவார், பின்னால் உட்கார்ந்து ஆண்ட்ரூஸின் முதுகைத் தன் நெஞ்சில் தாங்கிக்கொள்வார். "குனியும், இன்னும் குனியும். அறுவது வருசமா ஜெபத்துல குனிஞ்சத விட இப்பதாம்வே ஒழுங்காக் குனியுதீரு" என்பார்.

மே மாதக் கடைசியில் அசனம். ஆண்ட்ரூஸைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனோம். சோற்றைக் குழம்பு விட்டு நானே நன்றாக மசித்துக் கெட்டியாக உருட்டிக் கொடுத்தேன். வலது கையில் தூக்கிப் பிடித்தார். பேசினது பாதி யாருக்கும் விளங்கவில்லை. கதவு, தச்சன் என்ற இரண்டு சொற்கள் மட்டும் தெளிவாக வந்தன. வாயில் போட்டார். குனிந்தார். விழுங்கினார். மறுபடி விழுங்கினார். நிமிர்ந்து என்னைப் பார்த்து "ஆ" என்றார். குரல் சுத்தமாக இருந்தது.

பந்தல் முழுக்க அல்லேலூயா. போதகர் கண்ணைத் துடைத்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொம்பையா, "சரி வே, இன்னைக்கு நீரு ஜெயிச்சீரு" என்றார். பாட்டும் கைத்தட்டலும் தொடங்கின.

யாரோ என் கையைப் பிடித்து இழுத்துப்போய் இலையில் உட்காரவைத்தார்கள். அசனத்தில் இலை வேண்டாம் என்று சொன்னால் மரியாதைக் குறைவு. உட்கார்ந்தேன். இருபது அடி தூரம் இருக்கும். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன்.

ஆண்ட்ரூஸ் தண்ணீர் கேட்டிருக்கிறார். அன்றைக்கு அவர் எது கேட்டாலும் கொம்பையா கொடுத்திருப்பார். வலது கை எச்சில், சொம்பைத் தொடக்கூடாது. இடது கை எழும்பாது. பந்திக்கெல்லாம் பொதுச் சொம்பு, அதில் யாரும் வாய் வைப்பதில்லை. கொம்பையா சொம்பை உயரத் தூக்கினார். அறுபத்தாறு வருடமாகக் குடித்த மாதிரியே ஆண்ட்ரூஸ் அண்ணாந்து வாயைத் திறந்தார். நான் எழுந்து "குனியுங்க, குனியுங்க" என்று கத்தினேன். பாட்டுச் சத்தத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை. தண்ணீர் கோடு மாதிரி இறங்கியது.

அவர் இருமக்கூட இல்லை. அதுதான் கெட்டது, இருமினால் போனது வெளியே வந்திருக்கும். நான் போய்ச் சேர்ந்து "ஆ சொல்லுங்க" என்றேன். சொன்னார். தண்ணீர்க் குடத்துக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது குரல். முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் காய்ச்சல். பிறகு நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. ஒன்பதாம் நாள் இறந்தார்.

சாட்சி சொல்ல வைத்துவிட்டு ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்றார்கள் ஊரில். நாத்திகன் கைத் தண்ணீர் கொன்றுவிட்டது என்றும் சொன்னார்கள். இரண்டையும் சொன்னது ஒரே ஆட்கள்தான். அடக்கத்தன்று பெட்டிக்குத் தோள் கொடுக்க வந்த கொம்பையாவைத் தள்ளிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது கொல்லைப்பக்கமாக அவர் வந்தார். சட்டை மண்ணாக இருந்தது.

"யக்கா, அவருக்கு விதிச்ச நாளு அதுதானோ? மேல இருக்கவன் முடிவு பண்ணிட்டான்னா நாம யாரு?"

"உங்களுக்குத்தான் மேல யாரும் கெடையாதே தம்பி."

"இன்னைக்கு ஒரு நாளு இருந்துட்டாத் தேவல யக்கா." பிறகு கேட்டார். "நானா கொன்னேன்?"

லேசாக ஏதாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. "அண்ணாந்து ஊத்துனதுதான் கொன்னது. ஊத்துனது நீங்க. மூணு மாசம் முதுகப் பிடிச்சிக்கிட்டு குனியும் குனியும்னு சொன்னதும் நீங்கதான். நான் பக்கத்துல இருந்திருக்கணும், சாப்புட உக்காந்துட்டேன்" என்றேன்.

அவர் சுவரில் சாய்ந்து அழுதார். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த பொன்மணி வெளியே வந்தாள். "அழாதீங்கண்ணே. உங்க கையில என்ன இருக்கு? செஞ்சது கர்த்தரு. நீங்க வெறும் கருவி."

ஆறுதலாகத்தான் சொன்னாள். கொம்பையா அவள் முகத்தையே பார்த்தார். "என் கைய எடுத்து அவரு செஞ்சாரா தங்கச்சி? அதுக்கு என் கைதான் கெடச்சிதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இப்போது அதே தெருவில் வேறொரு வீட்டில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை கொம்பையா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சபைக்குப் போவதைப் பார்க்கிறேன். ஆண்ட்ரூஸின் சாட்சி ஒரு ஆத்துமாவைத் திருப்பிவிட்டது என்று போதகர் பிரசங்கத்திலேயே சொன்னாராம். போன வாரம் வாசலில் நிறுத்திக் கேட்டேன்.

"நம்பிக்க வந்துட்டா தம்பி?"

"நம்பிக்கயா? ஒருத்தன் இருந்தாத்தான யக்கா சட்டயப் பிடிச்சிக் கேக்க முடியும்? வாரா வாரம் போயி, இருக்கானான்னு பாக்கேன். இல்லன்னு ஆயிட்டா, செஞ்சவன்னு நான் மட்டும்லா மிச்சம்."

வரும் அசனத்தில் கவளத்தைத் தூக்கிப் பிடித்துப் பேச அவரைத்தான் கேட்டிருக்கிறார்கள். சரி என்று சொல்லியிருக்கிறார்.