ஒரு பேட்டரி மட்டும் தண்ணீர் குடித்தது

என் வீட்டுக்காரர் ஏலத்தில் எடுத்துக்கொண்டு வந்த பழைய மிலிட்டரி ஆம்புலன்ஸை அம்பத்தூர் பக்கம் மேனாம்பேட்டில் எங்கள் தெருவே ‘தள்ளு வண்டி’ என்றுதான் கூப்பிட்டது. எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஆனால் அவர்கள் பொய்யா சொன்னார்கள்? காலையில் இவர் சாவியோடு வாசலுக்கு வந்தாலே டீக்கடையில் நிற்கிறவர்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். “அண்ணாத்தே, இன்னிக்கு எத்தினி பேரு வோணும்?” என்று கேட்பார்கள். இவரும் வெட்கமே இல்லாமல் ஆளை எண்ணுவார்.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. ஆவடியில் ஏலம் என்று யாரோ காதில் போட, இவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய் எடுத்துவிட்டார். பச்சையைச் சுரண்டி வெள்ளை அடித்தார். உள்ளே கட்டில், ஜன்னலுக்குத் திரை, ஸ்டவ் வைக்கப் பலகை, தண்ணீர் கேன், ஃபேன், லைட்டுகள், அவருடைய உயிரான டேப் ரெக்கார்டர் என்று ஒரு குட்டி வீட்டையே வைத்துவிட்டார். குடும்பத்தோடு ஊர் ஊராகப் போகலாம் என்றார். இருக்கிற வீட்டைப் பெருக்கவே எனக்கு இடுப்பு ஒடிகிறது, இதில் சக்கரம் வைத்த வீடு வேறா என்று நான் கத்திய கத்தல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

கத்தியவள் ஒரே ஒரு காரணத்துக்காக வாயை மூடினேன். என் அக்கா. மாடிப்படியில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டதிலிருந்து அவள் படுத்த படுக்கைதான். உட்காரவைத்தால் கொஞ்ச நேரத்தில் கண் சொருகிவிடும். அத்தான் போன பிறகு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவளுக்கு ஒரே மகள், தூத்துக்குடியில் நர்ஸ் வேலை. அங்கேயே மாப்பிள்ளை அமைந்து, கல்யாணமும் அவர்கள் ஊர் மாதா கோயிலில் என்று முடிவாகிவிட்டது. ரயிலில் படுக்கவைத்துக் கூட்டிப்போகலாம் என்றால் ஸ்டேஷன் படிக்கட்டில் அவளை எப்படித் தூக்குவது, அந்தக் குறுகின கதவுக்குள் எப்படித் திருப்புவது? இந்த வண்டியை விட்டால் வேறு வழி இல்லை. டாக்டரும் சரி என்றார். ஆனால் அந்தத் தகரப் பெட்டிக்குள் மே மாத வெயிலில் ஃபேன் இல்லாமல் ஒரு நிமிஷம் வைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் அண்ணன் கொரட்டூரில் இருந்தார். தாய்மாமன் என்பதால் கல்யாணப் பொறுப்பு முழுக்க அவர் தலையில். அவர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “விக்கிரவாண்டி தாண்டி நட்டநடு ரோட்ல இது நின்னா, உக்காரக்கூட முடியாத பொம்பளைய வச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க?” என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. காலையிலிருந்து மத்தியானம் வரை வண்டியை நிறுத்திவைத்து ஃபேனை ஓடவிட வேண்டும், அதற்கப்புறம் யாரும் தள்ளாமல் வண்டி கிளம்ப வேண்டும். கிளம்பினால் அக்கா வரலாம், இல்லையென்றால் இல்லை. அதுதான் அவர் போட்ட கண்டிஷன்.

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, “எனக்காக யாரும் அல்லாடாதீங்க. போட்டோ கொண்டாந்து காட்டுங்க, போதும்” என்றாள். அவள் அப்படிச் சொன்னதில் எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

எங்கள் கிறிஸ்தவ வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், தடை ஏதும் இருந்தால் தெரியப்படுத்துங்கள் என்று சாமியார் படிப்பார். முதல் ஓலை வாசித்த அன்றைக்கு எனக்குத் தெரிந்த ஒரே தடை எங்கள் வாசலில்தான் நின்றிருந்தது. பூசை முடிந்து வந்து ஃபேனைப் போட்டோம். சாப்பிட்டுவிட்டு இவர் ஸ்டார்ட்டரை அமுக்கினார். ‘டக்’ என்றது. அவ்வளவுதான். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அது மிலிட்டரி வண்டி, இருபத்துநாலு வோல்ட்டில் ஓடுவது. அதனால் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இரண்டு. கட்டிலுக்கு அடியில் ஒன்று கதவுப் பக்கம், ஒன்று உள்பக்கம், நடுவில் இரண்டையும் சேர்க்கிற ஒரு பட்டை. பூந்தமல்லியில் பேட்டரிக் கடை வைத்திருந்த பாயிடம் ஆட்டோவில் கொண்டுபோனோம். உள்பக்கத்து பேட்டரி ஃபுல்லாக இருந்தது. கதவுப் பக்கத்தது சுத்தமாக இறங்கிவிட்டிருந்தது. “பழசு ஆயிடுச்சு, சார்ஜ் நிக்கல போல கீது” என்றார் பாய். இவர் உடனே கதவுப் பக்கத்துக்குப் புது பேட்டரி வாங்கி மாட்டினார். வாரம் முழுக்க அம்பத்தூரைச் சுற்றிச்சுற்றி ஓட்டினார். இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி சோதனை. மறுபடி ‘டக்’. இறங்கியிருந்தது அந்தப் புது பேட்டரிதான்.

டைனமோவைப் பார் என்றார் எதிர்வீட்டுக்காரர். பார்த்தாயிற்று, நன்றாகத்தான் ஏற்றிக்கொண்டிருந்தது. ராசியில்லாத வண்டி என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவளை நான் ஒரு பார்வை பார்த்தேன்.

அன்று சாயங்காலம் பேட்டரிகளுக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றப் போனேன். அது என் வேலை. இவருக்குக் குனிந்தால் இடுப்பு பிடிக்கும், கண்ணாடி வேறு மூக்கிலிருந்து வழுக்கும். குழந்தைகளுக்குப் பால் புகட்டிய பழைய பாலாடையால்தான் ஊற்றுவேன், ஒரு சொட்டு சிந்தாது. மூடியைத் திறந்து வழக்கம்போல உள்பக்கத்தில் ஊற்றினேன். கதவுப் பக்கத்தைத் திறந்தேன். தளும்பிக்கொண்டிருந்தது, ஊற்ற இடமே இல்லை. கையில் பாலாடையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை மாசமாக இதே கதைதானே? உள்பக்கம் குடிக்கும், கதவுப் பக்கம் தொடாது. கதவுப் பக்கத்தில் பேட்டரியே மாறியாகிவிட்டது, ஆனால் பழக்கம் மட்டும் மாறவில்லை.

இவரிடம் சொன்னேன். “அது வேற கம்பெனி, இது வேற கம்பெனி, அப்படித்தான் இருக்கும்” என்று பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு பதில் சொன்னார். எனக்கு வந்ததே கோபம். மறுநாள் நானே பஸ் ஏறிப் பூந்தமல்லிக்குப் போய் பாய் முன்னால் நின்றேன். “ரெண்டையும் சார்ஜ் ஏத்தி, இதை அங்க, அதை இங்க மாத்திப் போடுங்க பாய். எனக்காக ஒரே ஒரு தபா.” அவர் சிரித்தார். “இன்னா தங்கச்சி, வாஸ்து பாக்குறியா?” என்றார். ஆனாலும் சாமான்களோடு வந்து மாற்றிப் போட்டுக் கொடுத்தார்.

இவரை விடாமல் வண்டி ஓட்டவைத்தேன். நிறுத்துகிற நேரமெல்லாம் ஃபேன், லைட், டேப் ரெக்கார்டர் எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். நடுவாரத்தில் பாய் வந்து அளந்து பார்த்தார். உள்பக்கம் போன புது பேட்டரி இப்போது நிறைந்து, கொதித்து, தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தது. கதவுப் பக்கம் வந்த பழசு இறங்கிக் கிடந்தது.

“பாத்தீங்களா? குத்தம் பேட்டரில இல்ல. அது உக்காந்திருக்கிற இடத்துல” என்றேன்.

பாய் சிரிக்கவில்லை. டார்ச்சை வாங்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் தலையைவிட்டார். நானும் மறுபக்கத்திலிருந்து நுழைந்தேன். ஒரு மெல்லிய சிவப்பு வயர், இரண்டு பேட்டரியையும் சேர்க்கிற பட்டையில் சுற்றியிருந்தது. அதைக் கையால் தடவிக்கொண்டே போனேன். திரைக்குப் பின்னால் ஏறி, ஃபேனுக்குப் போயிற்று. அங்கிருந்து லைட்டுகளுக்கு. அங்கிருந்து டேப் ரெக்கார்டருக்கு. கடையில் கிடைத்த ஃபேன் பன்னிரண்டு வோல்ட், வண்டியோ இருபத்துநாலு. அதற்காக என் வீட்டு மகான் ஒரே ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் கரன்ட் எடுத்து மொத்தத்தையும் ஓட்டியிருக்கிறார். யாரிடமும் சொல்லவும் இல்லை.

“டைனமோ ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதான் சோறு போடும்” என்றார் பாய், வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு. “கதவாண்ட இருக்கிறவன் ஒண்டியா ஊட்டு வேல முச்சூடும் செய்றான், அவனுக்குப் பத்தல. உள்ள இருக்கிறவன் சும்மா குந்திக்கினு அதே சோத்தத் துன்றான், வயிறு பொருமுது.”

“எங்க வீட்லயும் அதே கதைதான் பாய்” என்றேன். இவர் சட்டென்று வானத்தைப் பார்த்தார்.

இருபத்துநாலு வோல்ட் ஃபேன் இருந்தால் வேலை முடிந்தது, ஆனால் கல்யாணத்துக்குள் கிடைக்குமா தெரியாது என்றார் பாய். நான் பரண்மேல் கிடக்கிற கிறிஸ்துமஸ் சீரியல் செட்டை நினைத்துக்கொண்டேன். அத்தனை சின்ன பல்புகள் வீட்டுக் கரன்ட்டில் எரிகின்றன. ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்து, கரன்ட்டைப் பங்கு போட்டுக்கொள்வதால்தானே? “ஃபேனையும் அப்படிக் கோத்தா?” என்று கேட்டேன். பாய் ஃபேனைக் கையால் சுற்றிப் பார்த்தார். அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு ஃபேன் இருந்தால் ஓடும் என்றார், ஒன்று நின்றால் இன்னொன்றும் நிற்கும் என்றும் சொன்னார். அவரே அதே ஃபேனில் இன்னொன்று தேடிக் கொண்டுவந்தார். லைட்டுகளை ஜோடி ஜோடியாகக் கோத்து, எல்லாவற்றையும் இரண்டு பேட்டரிக்கும் பொதுவாக இணைத்து, பேட்டரிகளுக்கு மறுபடி சார்ஜ் ஏற்றினார். சிவப்பு வயரைப் பட்டையிலிருந்து பிடுங்கி என் கையில் கொடுத்தார்.

டேப் ரெக்கார்டருக்கு மட்டும் ஜோடி இல்லை. அதைக் கழற்றச் சொன்னேன். “பாட்டு இல்லாம தூத்துக்குடி வரைக்கும் எப்படி ஓட்டறது?” என்று இவர் குழந்தை மாதிரி கேட்டார். நான் பாடுகிறேன் என்றேன். மறுபேச்சில்லாமல் கழற்றினார்.

மூன்றாவது ஓலை. பூசை முடிந்து அண்ணன் எங்களோடே வந்தார், அண்ணியும் வந்தாள். இந்தத் தடவை நான் அக்காவையே வண்டிக்குள் படுக்கவைத்தேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்றாள், நான் காதில் வாங்கவில்லை. இரண்டு ஃபேனும் அவள் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் சுற்றின. மத்தியானம் கஞ்சியும் உள்ளேயே புகட்டினேன். அவள் நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. டீக்கடை ஆட்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக வந்து நின்றார்கள்.

“எடுங்க” என்றார் அண்ணன்.

இவர் நகர்ந்து உட்கார்ந்து, “நீயே அமுக்கு” என்றார். இத்தனை வருஷத்தில் அவர் எனக்குச் செய்த மரியாதைகளில் அதுதான் பெரிசு. அமுக்கினேன். ஒரே அமுக்கு. வண்டி உறுமிக்கொண்டு கிளம்பிற்று, ஃபேனும் நிற்கவில்லை. “போங்கடா, போய் டீ குடிங்க. இனிமே உங்களுக்கு இங்க வேலை இல்லை” என்றேன். பின்னால் கைவைத்து நின்றவர்கள் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை.

அண்ணன் ஜன்னல் வழியாக அக்காவைப் பார்த்தார். “கல்யாணப் புடவைய எடுத்து வையி” என்றார்.

நான் உள்ளே ஓடி பீரோவைத் திறந்தேன். அவளுக்கென்று எடுத்திருந்த பட்டுப்புடவையை மேல் தட்டில் நான்தான் வைத்திருந்தேன். காணோம். இருக்கிற துணியையெல்லாம் கலைத்துவிட்டு, பதறிப்போய் வண்டிக்கு வந்து கேட்டேன்.

“அங்க தேடாதே” என்றாள் அக்கா. “என் மெத்தைக்கு அடியில பாரு. பால்காரம்மாவ விட்டு வைக்கச் சொன்னேன்.”

வீட்டுக்குள் அவள் கட்டிலுக்குப் போய் மெத்தையைத் தூக்கினேன். பழைய பேப்பருக்கு நடுவில் புடவை, மடிப்பு கலையாமல் இருந்தது. மேலே கிடந்த பேப்பர் முதல் ஓலைக்கு முந்தின நாளுடையது.

தூத்துக்குடிக் கோயிலில் அவளைக் கட்டிலோடு முதல் வரிசைக்குப் பக்கத்தில் வைத்தோம். மகள் குனிந்தபோது அக்கா அவள் நெற்றியில் சிலுவை போட்டாள். அண்ணி என் காதில், “புடவை இன்னாமா மடிப்பு நிக்குது, எங்க இஸ்திரி போட்டீங்க?” என்று கேட்டாள்.

“அக்காவே போட்டது” என்றேன். “போட்டோ போதும்னு சொல்லிக்கினே, மூணு ஓலையும் முடியறவரைக்கும் அதும்மேல படுத்துக்கினு போட்டது.”