ஒசீத் எடுத்து வைத்த மண்கட்டி

சண்டையே இல்லாமல் தீர்ந்ததாம்! ஒரு தோட்டா வெடிக்காமல், மேசையில் உட்கார்ந்து பேசியே ஆங்கிலேயனும் அமெரிக்கனும் எல்லைத் தகராறை முடித்துக்கொண்டார்களாம். 1842இல் எங்கள் செயின்ட் ஜான் ஆற்றையே கோடாக்கினார்கள். வடகரை ஆங்கிலேயனுக்கு, தென்கரை அமெரிக்கனுக்கு. சமாதானமாம், சமாதானம்! ஒசீத்திடம் போய்ச் சொல்லட்டும்.

அதற்கு ஐந்து வருஷம் முந்தித்தான் ஒசீத்தும் அவள் புருஷன் பெலோனியும் தென்கரைக்குக் குடிபோனார்கள். வடகரையில் கோயிலை ஒட்டிய தங்கள் நிலத்தைப் பெலோனியின் தம்பி ஃபிர்மனுக்குக் கொடுத்துவிட்டு, அவன் பத்து வருஷம் காடு திருத்திய தென்கரை நிலத்தை வாங்கிக்கொண்டார்கள். பத்திரமா? பிரெஞ்சு பேசும் எங்கள் ஆட்களுக்கு ஏது பத்திரம்! ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஆளுக்கொரு மண்கட்டியைக் கைமாற்றினால் போதும், நிலம் மாறிவிடும். ஊரே பார்த்தது. நானும் பார்த்தேன்.

மறு வருஷமே மரம் சாய்ந்து பெலோனி போய்ச் சேர்ந்தான். ஒசீத் ஒண்டியாக உழுதாள்.

எல்லை விழுந்தபின் அமெரிக்க அதிகாரி வந்தான். கோடு விழுமுன் ஆறு வருஷ அனுபோகம் இருந்தால்தான் நிலம் என்றான். அவளுக்கு ஐந்துதான். தன் பத்து வருஷத்தோடு சேர்த்தே கொடுத்ததாக ஃபிர்மனோ, பார்த்த யாராவதோ சத்தியம் செய்தால் நிலம் அவளுக்கு. அக்கரையிலிருந்து ஃபிர்மனிடம் ஓடி வந்தாள்.

"தம்பி, ஒரு வார்த்தை வந்து சொல்லிட்டுப் போப்பா."

"அமெரிக்காக்காரன் முன்னாடி சத்தியம் பண்ணினா, இங்க இருக்குற நிலத்தை ராணியோட ஆளுங்க பிடுங்கிக்குவாங்களாம் அண்ணி. எனக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல?"

"எவன்ப்பா சொன்னான்?"

"ஊரே சொல்லுது."

ஊர் என்றால் நாங்கள்தான். எனக்கும் பயம். போகவில்லை.

விசாரணை அன்று காலையிலிருந்து கரையில் நின்று படகு வருகிறதா என்று பார்த்திருக்கிறாள். ஒரு படகும் போகவில்லை. நிலம் ஒரு மரவியாபாரிக்குப் போனது. அதே நிலத்தில் அவன் கூலியாட்களுக்குப் பட்டாணிக் கஞ்சி காய்ச்சிப் பிழைத்தாள். எங்கள் வடகரையின் மேல்கோடியிலிருந்து போய்த் தங்கள் உறவுக்காகச் சத்தியம் செய்தவர்களில் ஒருத்தன் நிலம்கூடப் பறிபோகவில்லை. தூ, எங்கள் பிழைப்பும் ஒரு பிழைப்பா!

ஏழு வருஷம் கழித்து ஃபிர்மன் செத்தான். அடக்கத்துக்கு ஒசீத்தும் வந்தாள். எல்லோரும் ஒரு பிடி மண் போட்டோம். அவள் மடியை அவிழ்த்து, காய்ந்த மண்கட்டி ஒன்றை எடுத்துப் பெட்டிமேல் போட்டாள்.

"இந்தா தம்பி, உன் நிலம். நீயே வச்சுக்கோ."

பிறகு வரிசையாக நின்ற எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"மத்தவங்களுக்கும் எடுத்து வச்சிருக்கேன். அவசரமில்ல" என்றாள்.