மில்லுக்காரக்கா கேட்ட புத்தகம்

"புதுசா நல்ல நாவல் ஏதாவது இருந்தா குடுங்க" என்று வந்து நிற்பவர்களிடம் நான் உடனே புத்தகத்தை எடுத்து நீட்டிவிட மாட்டேன். வீட்டில் என்ன விசேஷம், ராத்திரி தூக்கம் வருகிறதா, மாமியார் ஊரிலிருந்து வந்துவிட்டாரா என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத்தான் அலமாரிப் பக்கம் போவேன். சிலருக்குக் கோபம் வரும். "ஏம்மா, புத்தகம் எடுக்க வந்தா ஜாதகம் கேக்குற?" என்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். மகள் கல்யாணம் பாதியில் நின்றுபோன வீட்டுக்கு ஒரு கல்யாண நாவலைக் கொடுத்தனுப்பிவிட்டு அப்புறம் வாங்கிக் கட்டிக்கொள்ள என்னால் ஆகாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வருடங்களில், புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் ஒரு வாடகை நூலகம் வைத்திருந்தேன். டி.வி.யில் சீரியல் ஆரம்பித்துவிட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆனால் அதற்கு முந்தைய ஒன்றிரண்டு மணி நேரம் கடை சந்தைக்கடை மாதிரி இருக்கும். புத்தகத்தைத் திருப்ப வருகிறவர்கள் சும்மா திருப்பிவிட்டுப் போக மாட்டார்கள். நின்று, கதையை ஆதியோடந்தமாக அடுத்தவருக்குச் சொல்லி, கடைசியில் யார் செத்தார்கள் என்பதையும் போட்டு உடைத்துவிட்டுத்தான் போவார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "முடிவை இங்கே சொல்லக் கூடாது" என்று பெரிய எழுத்தில் ஒரு அட்டையை எழுதி மாட்டினேன். அதற்கும் சிரித்தார்கள்.

அப்போது நாவலைவிடத் தன்வரலாறுகளுக்குக் கிராக்கி. யார் யாரோ எழுத ஆரம்பித்திருந்தார்கள். வளைகுடாவில் நர்சு வேலை பார்த்தவள், லாரி ஓட்டியவர், கோயில் நாதஸ்வரக்காரர் என்று மாதம் ஒன்று புதிதாக வரும். எங்கள் ஊர் ஆட்களுக்கு இதில் ஒரு வழக்கம் உண்டு. தன்வரலாறு என்றால் முதல் பக்கத்திலிருந்து படிக்க மாட்டார்கள். புரட்டிப் புரட்டி, நம் தெரு வருகிறதா, நம் வீட்டு ஆள் யாராவது வருகிறாரா என்று பார்ப்பார்கள். வந்தால் எடுத்துப் போவார்கள். வராவிட்டால், "இவன் என்னாத்த பெருசா வாழ்ந்துட்டான்?" என்று திரும்ப வைத்துவிடுவார்கள். சென்னைக்காரர் எழுதிய புத்தகத்தில்கூட எங்கள் ஊர் வைத்திக்குப்பம் வருகிறதா என்று தேடிய ஆளை நான் பார்த்திருக்கிறேன்.

நான் எந்தக் கேள்வியும் கேட்காமல் புத்தகம் கொடுத்தது மில்லுக்காரக்காவுக்கு மட்டும்தான். பஞ்சாலையில் நூல் சுற்றுகிற பிரிவில் வேலை பார்த்தவள். மில் மூடிய பிறகு தவளக்குப்பத்தில் மகன் வீட்டோடு இருந்தாள். கடலூர் பஸ்ஸில் ஏறி வந்து புத்தகம் மாற்றிக்கொண்டு போவாள். "தடியா குடு. மெலிசா இருந்தா அரியாங்குப்பம் தாண்டறதுக்குள்ள முடிஞ்சிப் பூடுது" என்பாள். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. அப்பா போனதும் இவள் மில்லுக்குப் போனாள், தம்பி பள்ளிக்கூடம் போனான். காலேஜ் முடித்து, பிரெஞ்சு நேஷனாலிட்டி வைத்திருந்த குடும்பத்தில் பெண் எடுத்து, அவன் பாரிஸ் போய்ச் சேர்ந்தான். அதையெல்லாம் அக்கா ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. தம்பி பேச்சு வந்தால் முகம் அப்படியே மலர்ந்துவிடும்.

அந்தத் தம்பி ஒரு தன்வரலாறு எழுதினார். சென்னையில் ஒரு பதிப்பகம் போட்டது. சேதியை முதலில் சொன்னது அக்காதான். பஸ்ஸிலிருந்து இறங்கி மூச்சு வாங்க வந்தாள். "எந்தம்பி புஸ்தகம் எழுதிட்டாங்கறேன்! எங்க ஊட்டுக் கத. போன்ல சொன்னான். எனக்கு ஒண்ணு அனுப்பச் சொல்றேன்னான், இன்னும் வரல. ஒனக்கு வந்தா மொதல்ல எனக்குத்தான் குடுக்கணும், ஆமா." தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. தன்னைப் பற்றியும் எழுதியிருக்கிறான் என்று சொல்லியாயிற்று. மருமகள் மட்டும், "எங்க, காட்டுங்க பாக்கலாம்" என்றாளாம். "மில்லுக்குப் போனேன், மில்லுக்குப் போனேன்னு நா சொன்னா அவ காதுலயே வாங்கறதில்ல. தம்பி எழுதுனத வாய்விட்டுப் படிச்சிக் காட்டப் போறேன். அப்ப என்னா சொல்லுவாளாம்?"

புத்தகம் வந்தது. ஒரே மூச்சில் படித்தேன். சும்மா சொல்லக் கூடாது, மனுஷர் நன்றாக எழுதியிருந்தார். மழை நாளில் ஒழுகுகிற கூரை, அம்மா வைக்கிற கருவாட்டுக் குழம்பு, தெருநாய், தமிழ் வாத்தியார், முதல் விமானப் பயணம், பாரிசில் முதல் குளிர் எல்லாம் இருந்தன. அக்கா இல்லை. ஒரு வரி இல்லை. அப்படி ஒருத்தி அந்த வீட்டில் இருந்தாள் என்றே படிக்கிறவர்களுக்குத் தெரியாது. முன்னுரையில் மனைவிக்கு நன்றி, நண்பர்களுக்கு நன்றி, தட்டச்சு செய்தவருக்கு நன்றி. அட பாவி மனுஷா, நாய்க்கு அரைப் பக்கம் கொடுக்கத் தெரிந்ததே!

எனக்கு அடுத்து அதைப் படித்தவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி, நான் அவரை மிசே என்று கூப்பிடுவேன். சாயங்காலமானால் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு வருகிற புத்தகத்தையெல்லாம் குறை சொல்லுவார். இதற்கு மட்டும் குறை சொல்லவில்லை. மூடி வைத்துவிட்டு, "மோன் தியே, கடவுளே! அந்த அம்மா இத்த படிச்சா என்னா ஆவும்? குடுக்காத நீ" என்றார்.

"கேட்டா என்னா மிசே சொல்றது?"

"வெளிய போயிருக்குதுன்னு சொல்லு."

அப்படியே சொன்னேன். புத்தகத்தை மேசைக்கடியில் தள்ளிவிட்டு, அக்கா வரும்போதெல்லாம், "இப்பத்தான் ஒருத்தர் எடுத்துனு போனார்க்கா" என்றேன். வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல் வேறு வேறு புத்தகங்களைத் தலையில் கட்டினேன். ஒரே வீட்டைப் பங்கு போட்டுக்கொண்டு வாழ்கிற மூன்று ஓரகத்திகளைப் பற்றி ஒரு புது நாவல். லாரிக்காரரின் கதை. நர்சம்மாவின் கதை. எதைக் கொடுத்தாலும் படித்துவிட்டு வந்து ஒரு வார்த்தையில் தீர்ப்பு சொல்வாள். ஓரகத்தி நாவலுக்கு, "மூணு பேரும் இவ்ளோ நல்லவங்களா இருந்தா கத எப்பிடி நவுரும்?" என்றாள். லாரிக்காரருக்கு, "வண்டியப் பத்தி எழுதுனதுல பாதி பொண்டாட்டியப் பத்தி எழுதியிருக்கலாம்." சரியாகத்தான் சொன்னாள்.

நர்சம்மாவின் புத்தகத்தைத் திருப்பும்போதுதான் என்னைச் சாய்த்துவிட்டாள். "நல்ல பொண்ணுமா இது. அம்மாவ எழுதியிருக்கா, கூட வேல செஞ்சவங்கள எழுதியிருக்கா, பக்கத்து ஊட்டுக்காரி கஞ்சி குடுத்தத கூட மறக்காம எழுதியிருக்கா. எந்தம்பியும் அப்பிடித்தான் எழுதியிருப்பான்." நான் மிசேயைப் பார்த்தேன். மிசே தெருவைப் பார்த்தார்.

அக்காவா விடுவாள்? "ஏம்மா, ஊருக்கே கெடைக்குது, எனக்கு மட்டும் எப்பப் பாத்தாலும் வெளிய போயிருக்குதா? காதுல பூ சுத்துற நீ" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "ஞாயித்துக்கெழம மருமக ஊட்டு ஆளுங்க வராங்க. அன்னிக்கிப் படிச்சிக் காட்டலாம்னு பாக்குறேன். இன்னிக்கி வாங்காம போவ மாட்டேன்." சொல்லிவிட்டு, படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை என்றதும் எனக்குப் பக்கென்றது. நான் கொடுக்காவிட்டால் வேறு எங்காவது வாங்கிவிடுவாள். நாலு பேர் நடுவில் உட்கார்ந்து, வாய்விட்டுப் படித்துக்கொண்டே போய், கடைசிப் பக்கம் வரை தன்னைத் தேடுவாள். அதைவிடத் தனியாகப் படித்துவிடுவது மேல். மேசைக்கடியிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். "அக்கா, நாலு பேரு முன்னாடி படிக்கறதுக்கு முந்தி நீ ஒரு தடவ தனியா படிச்சிடு. அதுல என்னான்னா…" என்று ஆரம்பித்தேன்.

"கதையச் சொல்லாத" என்று கையை உயர்த்தினாள். "அட்டைய எழுதி மாட்டுனவளே சொல்லலாமா?"

சொல்லவில்லை. புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த தம்பி படத்தை முந்தானையால் துடைத்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனாள். மிசே என்னைத் திட்டினார், தமிழில் பாதி, பிரெஞ்சில் பாதி. எனக்கு இரண்டும் புரிந்தது.

அடுத்த வாரம் அக்கா வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. தவளக்குப்பம் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று நினைப்பேன், போய் என்ன சொல்வது என்று நின்றுவிடுவேன். யாராவது புது நாவல் கேட்டால்கூட வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. "எல்லாம் நல்லாத்தான் இருக்குது, எடுத்துனு போங்க" என்றேன். நானா இப்படிச் சொன்னேன் என்று பழைய வாடிக்கையாளர்கள் முழித்தார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் வந்தாள். புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். மிசே எழுந்து தன் ஸ்டூலைக் கொடுத்தார். அவர் யாருக்கும் அதைக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

"ரெண்டு வாட்டி படிச்சேன்" என்றாள் அக்கா. "மொத வாட்டி என்னத் தேடுனேன். ரெண்டாவது வாட்டிதான் புஸ்தகத்தப் படிச்சேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "நன்றி கெட்ட ஜென்மம்க்கா அது! ஒன் கையால சாப்பிட்டு வளந்துட்டு…"

"ஏய்!" என்றாள். "எந்தம்பிய நீ திட்டாத. திட்டணும்னா நாந்தான் திட்டுவேன்." பிறகு அவளே திட்டினாள். பாவி என்றாள், படுபாவி என்றாள், எங்கம்மா பெத்ததா இது என்றாள். சொல்லிக்கொண்டே வந்தவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. மிசே கடை வாசலில் போய் நின்று, வந்த இரண்டு பேரைச் சற்றுப் பொறுத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்.

கொஞ்சம் அடங்கிய பிறகு, "மருமககிட்ட என்னா சொன்ன?" என்று கேட்டேன்.

"என்னாத்த சொல்றது? நா அதுல இல்லன்னேன். சிரிப்பான்னு நெனச்சேன். சிரிக்கல. அந்த ஞாயித்துக்கெழம அவ ஊட்டு ஆளுங்க வந்தாங்க இல்ல, அத்தைக்கு ஒடம்பு சரியில்ல, எதுவும் கேக்காதீங்கன்னு அவளே சொல்லிட்டா. காப்பி போட்டு எடுத்தாந்து குடுத்தா."

"தம்பி?"

"போன் பண்ணான். படிச்சியாக்கான்னான். நல்லாருக்குடான்னேன். நா அதுல இல்லாததப் பத்தி அவனும் பேசல, நானும் பேசல. கடசில, ஒடம்பப் பாத்துக்கோக்கான்னு வச்சிட்டான்."

அப்போது ஒரு பெண் உள்ளே வந்தாள். பாங்கில் வேலை, மாற்றலாகி இந்த ஊருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றாள். "நாவலா இருந்தாலும் சரி, யாராவது அவங்க வாழ்க்கைய எழுதினதா இருந்தாலும் சரி. இந்த ஊரப் பத்திப் புதுசா வந்தது ஏதாவது இருந்தா குடுங்களேன்."

நான் என் வழக்கமான கேள்விகளைக்கூட மறந்துவிட்டு அவசரமாக அலமாரிப் பக்கம் திரும்பினேன். மேசைமேல் இருக்கும் புத்தகத்தை அவள் பார்த்துவிடக் கூடாதே என்று இருந்தது. கைக்கு அகப்பட்ட ஒரு நாவலை உருவினேன்.

"அத்த வைம்மா" என்றாள் அக்கா. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தம்பி புத்தகத்தை எடுத்து அந்தப் பெண் கையில் கொடுத்தாள்.

"இத்த எடுத்துனு போ கண்ணு. எங்கூடப் பொறந்தவன் எழுதுனது. நல்லாருக்கும். காலம்பற மில்லு சங்கு ஊதுற எடம் ஒண்ணு வரும். போத்திப் படுத்துனு அந்தச் சத்தத்தக் கேட்டுனு இருப்பான், அப்பிடி எழுதியிருக்கான். அந்த எடத்துல மட்டும் கொஞ்சம் நிறுத்திப் படி."

அந்தப் பெண் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தாள். "ஏங்க, அங்க என்ன வருது?"

"ஒண்ணும் வராது" என்றாள் அக்கா. "அந்தச் சங்குக்கு எழுந்து ஓடுனது நானு."