ஒரே சாவிக்கு ஆறு பூட்டு

பூட்டுக்காரர் வீட்டில் பூட்டு கிடையாது. எங்கள் தெருவில் இது பழைய கேலி. கீழ்த்தளத்தில் ஒரு பாதி அவருக்கு, மறு பாதி அவர் தம்பிக்கு. நடுவில் ஒரு கதவு. அதைச் சாத்தி நான் பார்த்ததில்லை. அண்ணன் வீட்டு அடுப்பில் வெந்தது தம்பி வீட்டுத் தட்டில் இருக்கும். மாடியில் துணி தைத்துப் பிழைக்கிற எனக்கு இரண்டு பக்கத்துப் பேச்சும் கேட்கும். காதில் விழாத மாதிரி இருந்துவிடுவேன்.

நல்ல காலத்தில் அவர் வேலையே சிரிப்பும் திட்டும்தான். சாவியைத் தொலைத்துவிட்டு யாராவது அசடு வழிய வந்து நிற்பார்கள். "விரல் நீளச் சாவிய வச்சுக்கத் தெரியல, உனக்கெல்லாம் ஒரு குடும்பம்" என்று திட்டிக்கொண்டே போய்த் திறந்து கொடுப்பார். உள்ளே எதைக் கண்டாலும் வெளியே மூச்சு விட மாட்டார். "பூட்டுக்காரன் முதல் பூட்ட வாயிலதான் போடணும்" என்பார். அதுதான் அவருக்கு மானம், மரியாதை எல்லாம். அந்த மரியாதையில் இடி விழ என்று நான் பிறகு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

பிறகு காலம் கெட்டது. முதலில் கடைத்தெருவில் இரண்டு கடைகள் இறக்கிய கதவை ஏற்றவே இல்லை. கேட்டால் "சரக்கு வாங்க ஆள் இல்ல" என்றார்கள். கடையில் நின்றவர்கள் வேலை இழந்தார்கள், அவர்கள் குடியிருந்த வீடுகளுக்கு வாடகை நின்றது, வீட்டுக்காரர்கள் பூட்டை மாற்றச் சொல்லி இவரைக் கூப்பிட்டார்கள். யானைக்கு ஒரு காலம் என்றால் பூனைக்கு ஒரு காலம். ஊரே படுத்துக் கிடந்தபோது இவருக்கு மட்டும் நிற்க நேரமில்லை.

ஆனால் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. தோளில் பையோடு அவர் தெருவில் திரும்பினால் பெண்கள் கைவேலையை விட்டுவிட்டு, எந்த வாசலில் நிற்கப் போகிறாரோ என்று பார்த்தார்கள். தாண்டிப் போனால் மூச்சு விடுவார்கள். ஒருத்தி என் காதுபடவே "எமனுக்குக்கூட இவ்வளவு வேலை இருக்காது" என்றாள். அவர் காதிலும் விழுந்திருக்கும்.

தம்பி, பம்புக்கு உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலையில் இரும்பு கடையும் இயந்திரத்தில் நிற்கிற கடைசல்காரர். அங்கே ஒரு வழக்கம். நுணுக்கமான அளவுக் கருவி, துளைக் கருவி எல்லாம் அவரவர் சொந்தம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒன்றொன்றாக வாங்கி, இரும்புப் பெட்டியில் போட்டு இயந்திரத்தின் காலடியில் வைத்திருப்பார்கள். பெட்டி வாசலைத் தாண்டினால் ஆள் வேலையை விட்டுவிட்டான் என்று அர்த்தம். காவல்காரர் எதுவும் கேட்க மாட்டார், மறுநாள் உள்ளே விட மாட்டார், அவ்வளவுதான். அந்த நாட்களில் வாசலுக்கு வெளியே காலையிலிருந்தே ஒரு கும்பல் நிற்கும். எவன் பெட்டியோடு வெளியே வருவான், அந்த இடத்தில் நாம் நிற்கலாம் என்று.

ஒரு வியாழக்கிழமை அந்தத் தொழிற்சாலை மேலாளர் பூட்டுக்காரரைத் தேடி வந்தார். இதைப் பூட்டுக்காரர் மனைவி பிறகு என்னிடம் சொல்லி அழுதாள். பெரிய பூட்டாக ஆறு வேண்டும், ஆறுக்கும் ஒரே சாவி இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து போட வேண்டும் என்றாராம்.

"எந்தெந்தக் கதவுக்குங்க?"

"எல்லாக் கதவுக்கும்தான். வெளிய பேச்சு போகாதுன்னு சொன்னாங்க, அதான் உங்ககிட்ட வந்தேன்."

வேலை நடக்கிற இடத்தில் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு சாவி, ஒவ்வொரு சாவிக்கும் ஒரு ஆள். எல்லாவற்றுக்கும் ஒரே சாவி கேட்டால், இனி உள்ளே போக யாரும் இல்லை என்றுதான் அர்த்தம். இது அவருக்குத் தெரியாதா? தெரியும். சரி என்று தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடுக்கதவருகில் அண்ணனும் தம்பியும் பேசியது என் காதில் விழுந்தது.

"டேய், நாளைக்கு வரும்போது பெட்டிய எடுத்துட்டு வந்துடு."

"எதுக்குண்ணே?"

"சும்மாதான். துடைச்சு எண்ணெய் போட்டுத் தரேன்."

"வெளையாடுறியா? பெட்டியத் தூக்கிட்டு வெளிய வந்தா என் மெஷின்ல வேற ஒருத்தன் நிப்பான். ஏன், ஏதாவது கேள்விப்பட்டியா? மூடப் போறாங்களா?"

ஒரு வார்த்தைக்குத்தான் தம்பி காத்திருந்தார்.

"எனக்கு என்னடா தெரியும்," என்றார் அண்ணன்.

"அப்ப வயித்துல புளியக் கரைக்காம போய்ப் படுண்ணே."

சனிக்கிழமை தம்பி வெறுங்கையோடு வந்தார். சாப்பாட்டுத் தூக்கு மட்டும் கையில். ஞாயிற்றுக்கிழமை பூட்டுக்காரர் கனத்த பையோடு போய், மத்தியானம் காலிப் பையோடு திரும்பி வந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனவர்கள், எல்லாக் கதவும் பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, போன வேகத்திலேயே திரும்பிவிட்டார்கள். தம்பி நேராக நடுக்கதவுக்கு வந்தார். அண்ணன் தான் செய்த பூட்டின் அடியில் அரத்தால் ஒரு கீறல் போடுவார். அதைத் தம்பி தொழிற்சாலைக் கதவில் பார்த்துவிட்டார்.

"நீ போட்ட பூட்டுதானே?"

அண்ணன் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார்.

"வந்து திற. என் பெட்டி உள்ள இருக்கு."

"சாவிய அவங்ககிட்டக் குடுத்துட்டேன்டா."

"உனக்குச் சாவி எதுக்கு?"

"காவலுக்கு ஆள் போட்டிருக்காங்க. திறந்தா அது திருட்டு."

"ஒரு வார்த்தைண்ணே. மூடுறாங்கடான்னு ஒரு வார்த்தை. கேட்டேனே!"

தம்பி கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

தெருவுக்கும் விஷயம் தெரிந்தது. பெட்டியை உள்ளே விட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து, பூட்டுக்காரர் வாசலுக்கு எதிரில் நின்றுவிட்டுப் போனார்கள். கல் எறிந்திருக்கலாம். எறியாமல் போனார்கள். மழைக்காலம் முடிவதற்குள் கடன் கொடுத்தவர்கள் லாரிகளைக் கொண்டுவந்து இயந்திரங்களை ஏற்றிப் போனார்கள். பெட்டிகளும் பழைய இரும்போடு இரும்பாக எடையில் போயின.

தம்பி வேலை தேடிப் போன பட்டறைகளில் எல்லாம் ஒரே கேள்வி. "கைவேலை சுத்தம்தான், தெரியும். பெட்டி எங்க?" இருபது வருடத்துக் கைவேலைக்காரர் கடைசியில் மூட்டை தூக்கப் போனார். தம்பிக்கு ஒரு பெட்டி வாங்கித் தர அண்ணன் பணத்தோடு நடுக்கதவில் போய் நின்றார். தம்பி மனைவி அவரைப் பார்த்தபடியே கதவைச் சாத்தினாள்.

மறுநாள் அந்தப் பக்கம் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தேன். தம்பி தன் பக்கத்தில் கொண்டி அடித்து, ஒரு பூட்டுப் போட்டிருந்தார். கடையில் தொங்குகிற மட்டமான தகரப் பூட்டு. கதவிடுக்கு வழியாக இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது.

அந்த இடுக்கில் கொண்டை ஊசியை விட்டு ஒரு திருப்புத் திருப்பினால் பூட்டுக்காரருக்கு அது திறந்துவிடும். தினமும் சாயங்காலம் நாற்காலியை அந்தக் கதவுக்கு எதிரில் போட்டு உட்காருகிறார். தொடுவதில்லை.